இறக்கக்கண்டியில் காணாமற்போன முப்பத்தேழு பேர்

“ரெண்டு மணிக்குள்ள முப்பத்தேழு பேரைக் கண்டுபிடிச்சுத் தரவேணும்,” என்றார் டொக்டர் சற்குணம். “அது ஏலாதெண்டால் அதில ரெண்டு பேரையாவது.”

“எங்களிட்டச் சில்லறை வியாபாரமும் இருக்கு டொக்டர்,” என்றான் ஸுஹைர்.

அன்னலட்சுமி தன் உதவியாளனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் அது அதிக நேரம் மூடியிருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

1974ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்த ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சை டொக்டரின் அறையில் நால்வர் நின்றார்கள். அன்னலட்சுமி பன்னிரண்டு வருடம் குடிசன மதிப்பீட்டுக் கந்தோரில் ஆட்களை எண்ணியவள். எண்ணிக்கையில் அகப்பட்டவர்களைவிட அகப்படாதவர்கள்தான் சுவாரசியமானவர்கள் என்று கண்டுபிடித்து, வேலையை விட்டுவிட்டுத் துப்பறியத் தொடங்கியவள். ஸுஹைர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். நாற்பது வயது, தொந்தி, ஒரு பழைய மொரிஸ் மைனர் கார். நாலாவது ஆள் மூலையில் ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வெருகல் பக்கத்து வீரக்குட்டி. இரத்தப் பரிசோதனை படிக்கும் கடைசி வருட மாணவன்.

“முதலில இருந்து சொல்லுங்கோ டொக்டர்,” என்றாள் அன்னலட்சுமி.

“விடியக் கோட்டையடியில ஒரு பொம்பிளைய மான் முட்டிப்போட்டுது.”

“மானா?”

“கொம்புமான். அந்த மனுசி வெயிலுக்குக் குடையை விரிச்சிருக்கிறா. மான் அதைச் சண்டைக்குக் கூப்பிடுறதெண்டு நினைச்சிட்டுது. மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. வெட்டித்தான் ஆகவேணும். வெட்ட ரெண்டு போத்தல் இரத்தம் வேணும். அவவுக்கு ஓ நெகட்டிவ். எங்களிட்டத் துளியும் இல்லை. கொழும்பிலயிருந்து வர நாளைக்குப் பின்னேரமாகும்.”

“ஆள் ஆர்?”

“தெரியாது. நினைவில்லை. கையில ஒரு பை. அதுக்குள்ள கருவாடும் வலை பின்னுற ஊசி ஒண்டும். அவ்வளவுதான்.”

ஓ நெகட்டிவ் இரத்தம் இந்த நாட்டில் நூறு பேரில் இரண்டு பேருக்குத்தான் இருக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் வீரக்குட்டி தன் இறுதி அறிக்கைக்காக இறக்கக்கண்டி மீனவக் கிராமத்தில் ஐம்பத்திரண்டு பேரின் இரத்தத்தைச் சோதித்தான். அதில் முப்பத்தேழு பேர் ஓ நெகட்டிவ். அபூர்வமான மரபணு உள்ள கிராமம் என்று அவனுடைய ஆசிரியர்கள் துள்ளிக் குதித்தார்கள். டொக்டரும் அதை நம்பி இன்று காலை அம்புலன்சை அங்கே அனுப்பினார். சாரதி இறங்கிப் பெயர்களை வாசிக்க வாசிக்க ஊர் வெறிச்சோடிப் போனது. முப்பத்தேழு பேரில் ஒருவர்கூட இல்லை.

“என்ர முடிவைக் கேட்டால்,” டொக்டர் வீரக்குட்டியைச் சுட்டிக் காட்டினார், “இவர் ஊருக்கே போகாமல் வீட்டில இருந்து இலக்கம் எழுதியிருக்கிறார். அப்பிடியெண்டால் இவற்ற படிப்பு இண்டையோட முடிஞ்சுது.”

“ஐயோ டொக்டர்! ஒவ்வொரு துளியும் என்ர கையால எடுத்தனான்,” என்றான் வீரக்குட்டி.

“வாரும்,” என்றாள் அன்னலட்சுமி. “உம்மட சோதனைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வாரும்.”

மொரிஸ் மைனர் உப்புவெளியைத் தாண்டி நிலாவெளி வீதியில் ஓடியது. முன் ஆசனத்தில் அன்னலட்சுமி பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாள். பின்னால் வீரக்குட்டி ஐஸ் போட்ட பெட்டியை மடியில் வைத்திருந்தான்.

“தம்பி, இந்த ஓ, நெகட்டிவ் எண்டா என்ன? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்க,” என்றான் ஸுஹைர்.

“சிவப்பணுவிட வெளிப்பக்கத்தில ஒரு வகைச் சீனி ஒட்டியிருக்கும். ஏ காரருக்கு ஒரு சீனி, பீ காரருக்கு வேறொரு சீனி. அதை ஒட்டுறது ஒரு நொதியம். அந்த நொதியத்தை எப்பிடிச் செய்யிறதெண்டு எங்கட டீ.என்.ஏயில எழுதியிருக்கு. ஓ காரருக்கு அந்த நொதியம் வேலை செய்யாது. அதால ஏ சீனியும் இல்லை, பீ சீனியும் இல்லை. டி எண்டு ஒரு புரதமும் இருக்கு. அதுவும் இல்லாட்டி நெகட்டிவ்.”

ஸுஹைர் கியரை மாற்றினான். “விளங்கிட்டு. சீனியும் இல்ல, பாலும் இல்ல. வெறுந்தேத்தண்ணி.”

“ஓம்... கிட்டத்தட்ட,” என்றான் வீரக்குட்டி தயக்கத்துடன்.

“அப்ப இந்த வருசம் கூப்பன் கடையில பங்கீட்டுச் சீனி தாற அளவப் பாத்தா நாடு முழுக்க ஓ நெகட்டிவ்தானே!”

அன்னலட்சுமி சிரிக்கவில்லை. அவள் விரல் பதிவுப் புத்தகத்தில் ஒரு கோட்டில் நின்றிருந்தது.

“வீரக்குட்டி, இரத்த வகையோட ஹீமோகுளோபினும் அளந்திருக்கிறீர்.”

“ஓம் மிஸ். குழாயில நிறத்தைப் பாத்து அளக்கிறது.”

“முதல் பதினைஞ்சு பேரைப் பாரும். ஏழு தசம் நாலு, பத்து, எட்டு தசம் ஒண்டு, பதினொண்டு தசம் நாலு. மேடு பள்ளமாக் கிடக்கு. வகையும் அப்பிடித்தான். ஓ பொசிட்டிவ், பீ, ஏ, திரும்பவும் பீ. மனுசர் எண்டால் இப்பிடித்தான் இருப்பினம். பதினாறாவது ஆளிலயிருந்து?”

வீரக்குட்டி எட்டிப் பார்த்தான். “பதின்மூண்டு தசம் ஒண்டு. பதின்மூண்டு. பதின்மூண்டு தசம் மூண்டு...”

“கடைசிவரைக்கும் பன்னிரண்டு தசம் எட்டுக்குக் கீழ இல்லை, பதின்மூண்டு தசம் நாலுக்கு மேல இல்லை. எண்பது வயதுக் கிழவனும் பதின்மூண்டு. நாலு மாதப் பிள்ளைத்தாச்சியும் பதின்மூண்டு. ஸுஹைர், சந்தையில முப்பத்தேழு மீன் வாங்கி நிறுத்தால் எல்லாம் ஒரே நிறையா இருக்குமோ?”

“இருந்தா மீன்காரனப் பிடிக்கோணும் மிஸ்.”

“அப்ப டொக்டர் சொன்னது சரிதானா?” வீரக்குட்டி முன் ஆசனத்தைப் பிடித்தான். “நான் பொய் எழுதினதெண்டு நீங்களும்...”

“இல்லை. பொய் எழுதுறவன் கவனமா எழுதுவான். நூறில ரெண்டு எண்டு படிச்சவன் ஐம்பத்திரண்டில ஒண்டு போடுவான், முப்பத்தேழு போடமாட்டான். இலக்கத்தையும் கூட்டிக் குறைச்சுப் போடுவான்.” அவள் புத்தகத்தை மூடினாள். “இந்தச் சின்ன ஆட்டம் ஆட்களிட ஆட்டமில்லை. உம்மட கண்ணிட ஆட்டம். ஒரே சாமானைத் திருப்பித் திருப்பி நேர்மையா அளந்தால் இப்பிடித்தான் வரும்.”

“ஒரே சாமான் எண்டால்?”

“நீர் அண்டைக்கு முப்பத்தேழு பேரிட இரத்தம் எடுக்கேல்லை, வீரக்குட்டி. ஒரு ஆளிட இரத்தத்தை முப்பத்தேழு தரம் எடுத்திருக்கிறீர்.”

ஸுஹைர் பிரேக்கை அமுக்கினான். வீதியைக் கடந்துகொண்டிருந்த ஆடு ஒன்று நன்றியில்லாமல் போனது.

“முகம் பாக்கேல்லையோ நீர்?”

“பாக்கேல்லை மிஸ்,” என்றான் வீரக்குட்டி மெதுவாக. “பதினாறாவதா ஒரு பெரிய ஆள் வந்தவர். ஊசியைக் கண்டதும் மேசையோட விழுந்திட்டார். அதோட எல்லாரும் ஓடிட்டினம். ஒரு மணித்தியாலத்தால சங்கத் தலைவர் வந்து, பொம்பிளையள் வெக்கப்படுகினம், திரை போடவேணும் எண்டு சொன்னவர். சீலையில ஒரு ஓட்டை போட்டு, அதுக்குள்ளால விரலை மட்டும் நீட்டினவை.”

“ஆம்பிளையளும் திரைக்குப் பின்னாலதானோ?”

“அவையளும் வெக்கப்பட்டவை.”

“தம்பி,” என்றான் ஸுஹைர், “உங்களுக்கு நான் காரும் விக்கலாம், கடலும் விக்கலாம்.”

இறக்கக்கண்டிக் கடற்கரையில் நடமாட்டமே இல்லை. மணலில் ஏழெட்டு வள்ளங்கள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. மீனவர் சங்கத் தலைவர் ஸெய்னுதீன் ஒரு கதிரையில் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, குற்றமே அறியாத முகம்.

“அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,” என்றான் ஸுஹைர். “ஊரில ஆக்கள் இல்லயா?”

“வ அலைக்கும் ஸலாம். ஒருத்தரும் இல்ல மகன். எல்லாரும் கந்தளாய்க்குப் போயிட்டாங்க.”

“என்னத்துக்கு?”

“குளம் பாக்க.”

வள்ளம் ஒன்று தும்மியது.

ஸுஹைர் குனிந்து பார்த்தான். வள்ளத்தின் விளிம்புக்கும் மணலுக்கும் இடையில் வரிசையாகப் பாதங்கள் தெரிந்தன. “மிஸ், இந்த வள்ளத்துக்குப் பன்னிரண்டு கால் இரிக்கு.”

“தலைவர், நான் பொலிசில்லை,” என்றாள் அன்னலட்சுமி. “உங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. அண்டைக்குத் திரைக்குப் பின்னால இருந்த ஆள் ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ.”

ஸெய்னுதீன் வீரக்குட்டியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“நான் என்ன செய்ய மிஸ்? எங்கட ஊருக்கு டிஸ்பென்சரி ஒண்டு கேட்டு நாலு வருசம். முதல்ல ஐம்பது பேரிட ரத்தத்தச் சோதிக்கோணுமாம், அப்பதான் சுகாதாரக் கந்தோரில யோசிப்பாங்களாம். பதினஞ்சு பேர் குடுத்தாங்க. பிறகு அலியார் விழுந்தான். ஆறடி ஆள். அவன் விழுந்ததும் ஒரு கதை கிளம்பிட்டு.”

“என்ன கதை?”

“பெற்றோல் விலை ஏறிட்டுதாம். அதால ஹாபர்ல நிக்கிற கப்பலுக்கு எண்ணெய்க்குப் பதிலா எங்கட ரத்தத்த ஊத்தப் போறாங்களாம்.”

“ஒரு விரலுக்கு ஒரு துளி,” என்றான் ஸுஹைர். “அந்தக் கப்பல் துறைமுகத்த விட்டு வெளிக்கிடவே இந்த நாடு முழுக்கப் பத்தாது காக்கா.”

“இப்ப விளங்குது. அண்டைக்கு விளங்கல்லயே. ஊசிக்குப் பயமில்லாத ஆள் ஊரில ஒண்டுதான். வலை பின்னுற பொம்புள. நாள் முழுக்க ஊசி குத்திக் குத்தி விரல் காய்ச்சிப் போயிரிக்கும். ‘டிஸ்பென்சரி வரட்டும், நான் எல்லாருக்குமா நீட்டுறன்’ எண்டு வந்து குந்தினா. நான் பேர வாசிச்சன், அவ விரல நீட்டினா. பத்து விரலும் நாலு சுத்து.”

“கடைசிச் சுத்தில மூணு விரல் மிச்சம்,” என்றான் ஸுஹைர்.

“அவவை உடனே கூப்பிடுங்கோ,” என்றாள் அன்னலட்சுமி. “ஆஸ்பத்திரியில ஒரு மனுசிக்கு அவவிட இரத்தம் அவசரமா வேணும். ஒரு போத்தலாவது கிடைக்கும்.”

“அவ ஊரில இல்ல மிஸ். உண்மையாவே இல்ல. சுபஹுத் தொழுகையோட கருவாட்டையும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனா. பத்து மணிக்குத் திரும்பியிருக்கோணும். இன்னும் காணல்ல.”

அன்னலட்சுமி அவர் பக்கம் குனிந்தாள். “குடை கொண்டு போனவவோ?”

“ஓம். வெயில் ஏலாது அவவுக்கு.”

“வலை ஊசி?”

“அது இல்லாம எங்கயும் போகமாட்டா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவவிட பேர் என்ன?”

“றுக்கியா.”

வீரக்குட்டி சோதனைப் பெட்டியைக் கீழே வைத்தான். “அப்ப... டொக்டர் தேடுற அந்த முப்பத்தேழு பேரும் அங்க ஆஸ்பத்திரிக் கட்டிலிலதான் கிடக்கினம்.”

“என்ன நடந்த?” ஸெய்னுதீன் எழுந்துவிட்டார். “றுக்கியாவுக்கு என்ன நடந்த?”

அன்னலட்சுமி சொன்னாள். ஒளிக்காமல், மானையும் சேர்த்துச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் மணலோடு எழும்பி வந்தார்கள். “றுக்கியா ராத்தாவா?” என்று ஒரு பெண் தலையில் கைவைத்தாள். “அந்த டிரைவர் ஆருக்கு எண்டு சொல்லவே இல்லயே! பேர வாசிச்சா எங்கட கள்ளத்தப் பிடிக்க வந்ததெண்டுதானே நாங்க நெனைக்கிற!”

“என்ட ரத்தத்த எடுங்க.” “என்டயையும் எடுங்க.” எல்லாரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டினார்கள். மூன்று மாதத்துக்கு முன் இப்படி நீட்டியிருந்தால் இந்தக் கதையே இருந்திராது.

“பொறுங்கோ,” என்றாள் அன்னலட்சுமி. “எல்லாரையும் இங்க வைச்சுச் சோதிக்க நேரமில்லை. நேரம் பதினொன்றரை. வீரக்குட்டி, ஓ நெகட்டிவை முதலில எங்க தேடவேணும்?”

வீரக்குட்டி நிமிர்ந்தான். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவனின் முகம். “கூடப் பிறந்தவையளிட்ட. அவவுக்கு வாப்பாவும் உம்மாவும் ஆளுக்கொரு பிரதி குடுத்திருக்கினம். சீனியும் டியும் செய்யாத வெறும் பிரதி. அதே வாப்பா, அதே உம்மா மற்றப் பிள்ளையளுக்கும் அதைக் குடுத்திருக்கலாம். ஊரில எண்டால் நூறுக்கு ரெண்டு. கூடப் பிறந்தவையில ஆகக் குறைஞ்சது பதினாறுக்கு ஒண்டு.”

“றுக்கியாவுக்குத் தங்கச்சி உம்மு குல்சும்,” என்றார் ஸெய்னுதீன். “பிறகு அவவிட மூத்த காக்கா...” அவர் தயங்கிப் பின்னால் பார்த்தார். “அலியார்.”

கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஆறடி. அது மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

வள்ளத்தின் முதுகில் வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்து வீரக்குட்டி வேலையைத் தொடங்கினான். உம்மு குல்சும் கண்ணை மூடாமல் விரலைக் கொடுத்தாள். டி மருந்து பட்ட துளி மட்டும் கட்டியாகத் திரிந்தது. “ஓ பொசிட்டிவ்.” அவள் அழுதுவிட்டாள்.

அலியார் முன்னால் வந்தார். “தங்கச்சிக்கு எண்டா கழுத்த வெட்டினாலும் பரவாயில்ல தம்பி. ஊசி மட்டும்...” என்றவர் வானத்தைப் பார்த்தார். “ஓம் எண்டு சொல்லிட்டன். இனி நான் விழுந்தாலும் நீங்க எடுங்க.”

சொன்னபடியே விழுந்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். வீரக்குட்டி மணலில் முழங்காலிட்டு அந்தப் பெரிய விரலிலிருந்து ஒரு துளி எடுத்தான். ஏ மருந்தில் திரியவில்லை. பீ மருந்தில் திரியவில்லை. டி மருந்தைச் சேர்த்துத் தட்டை ஆட்டினான். ஊரே எட்டிப் பார்த்தது. துளி அப்படியே வழவழவென்று கிடந்தது.

“நெகட்டிவ்!” என்று கத்தினான் வீரக்குட்டி.

“பதிவில பதினாறாவது பேர் அலியார்தான்,” என்றாள் அன்னலட்சுமி. “பொய்யா எழுதினதில ஒண்டு தற்செயலா உண்மையாப் போச்சு.”

அலியாரைக் காரின் பின் ஆசனத்தில் மடித்து வைத்தார்கள். மிச்ச ஊர் மீன் ஏற்றும் ஐஸ் லொறியில் ஏறியது. டொக்டருக்கு இரண்டு போத்தல் வேண்டும்; இன்னும் ஒன்று குறைகிறது.

“லொறியில முப்பத்தஞ்சு பேர். நூறுக்கு ரெண்டெண்டால் எத்தனை பேர் கிடைக்கும் மிஸ்?” என்று வழியில் கேட்டான் ஸுஹைர்.

“பூச்சியம் தசம் ஏழு. முக்கால் ஆளுக்குக் கொஞ்சம் குறைவு.”

“முக்கால் ஆள் வந்தா எந்தக் கால் வராது?”

“ஓட்டும் ஸுஹைர்.”

ஆஸ்பத்திரி விறாந்தையில் வரிசை வாசல்வரை நீண்டது. அலியாரின் கையில் ஊசி ஏறும்போது அவருக்கு நினைவிருந்தது. உம்மு குல்சும் அவர் கண்ணைத் தன் முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். வீரக்குட்டி ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, ஒவ்வொரு பெயரையும் கேட்டு எழுதினான். பத்துப் பேர். இருபது பேர். எல்லாம் பொசிட்டிவ். ஒன்றே முக்காலுக்கு, இருபத்தொன்பதாவது ஆளாக ஸல்ஹா என்ற மீன் வெட்டும் பெண் விரலை நீட்டினாள். எந்த மருந்திலும் திரியவில்லை.

“முழு ஆள்தான் மிஸ்,” என்றான் ஸுஹைர். “கொஞ்சம் கூடவாவே இரிக்கு.”

இரண்டு மணிக்குச் சத்திரசிகிச்சை தொடங்கியது. நாலு மணிக்கு டொக்டர் சற்குணம் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். “மண்ணீரல் போயிட்டுது. ஆள் இருக்கிறா.”

விறாந்தை முழுவதும் ஒரே சத்தம். ஸெய்னுதீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். டொக்டர் வீரக்குட்டியிடம் போனார். “நான் சொன்னது பிழை. நீர் பொய் எழுதேல்லை.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனால் உம்மட அபூர்வ மரபணுக் கிராமம் போச்சு,” என்றார்.

“அது போகட்டும் டொக்டர்.” வீரக்குட்டி புதிய தாளை நீட்டினான். “இதைப் பாருங்கோ. எல்லாருக்கும் ஹீமோகுளோபினும் அளந்தனான்.”

டொக்டர் தாளைப் பார்த்தார். அன்னலட்சுமியும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஏழு. எட்டு தசம் இரண்டு. ஆறு தசம் ஒன்பது. எட்டு. ஸல்ஹாவையும் அலியாரையும் இன்னும் இரண்டு பேரையும் தவிர எல்லாருமே இரத்தம் குறைந்தவர்கள்.

“தலைவர்,” என்றாள் அன்னலட்சுமி, “உங்கட டிஸ்பென்சரிக்கு என்ன மறுமொழி வந்தது?”

ஸெய்னுதீன் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தார். “ஊரிட சராசரி பன்னிரண்டாம். நல்ல ஆரோக்கியமாம். டிஸ்பென்சரி தேவையில்லையாம்.”

“பன்னிரண்டு!” அன்னலட்சுமி பழைய பதிவைத் திறந்தாள். “உண்மையான பதினைஞ்சு பேருக்கும் பன்னிரண்டுக்குக் கீழ. றுக்கியாவுக்குப் பதின்மூண்டு, அதை முப்பத்தேழு தரம் கூட்டியிருக்கு. கூட்டிப் பிரிச்சால் பன்னிரண்டு வருது. ஆனால் அந்தப் பன்னிரண்டு உள்ள மனுசன் இந்தப் புத்தகத்தில ஒருத்தனும் இல்லை.”

ஸெய்னுதீன் அவளையும் டொக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப எங்கட ரத்தம் மோசமா இருக்கிறது நல்லதா மிஸ்?”

“மோசமெண்டு தெரியிறது நல்லது,” என்றார் டொக்டர். அவர் ஏற்கெனவே பேனையைத் திறந்திருந்தார். விறாந்தையின் மர வாங்கில் உட்கார்ந்தபடியே சுகாதாரக் கந்தோருக்குக் கடிதம் எழுதினார். வீரக்குட்டியின் தாளைப் பின்னால் குத்தினார். அடியில் வீரக்குட்டியின் பெயரையும் போட்டார்.

நாலாம் நாள் காலையில் அன்னலட்சுமி வார்டுக்குப் போனபோது றுக்கியா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, கூர்மையான முகம். நடந்ததையெல்லாம் உம்மு குல்சும் சொல்லியிருந்தாள்.

“நான் ஊருக்கு நல்லதெண்டு நெனச்சுத்தான் நீட்டினன் மிஸ்,” என்றாள் அவள். கோப்பையைக் கீழே வைத்தாள். “புள்ளத்தாச்சி ரெண்டு பேர் சோர்ந்து சோர்ந்து விழுந்தாளுகள். அவளுகளப் போல ஆக்களுக்குத்தான் டிஸ்பென்சரி கேட்ட. அவளுகளிட பேருக்கும் நானே நீட்டிட்டன். ஊரிட பசிய நான் பத்து விரலால பொத்திட்டனே.”

ஸுஹைர் கோப்பையில் கஞ்சியை நிரப்பி அவள் பக்கம் தள்ளிவைத்தான்.

“நீங்கள் மட்டுமில்லை,” என்றாள் அன்னலட்சுமி. “நானும் பன்னிரண்டு வருசம் கந்தோரில இருந்தனான். எல்லாரும் கீழ இருக்கிற ஒரு இலக்கத்தைப் பாத்திட்டுப் புத்தகத்தை மூடுவம்.” அவள் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “டொக்டர் இண்டைக்குப் பின்னேரம் ஒரு நேர்சையும் இரும்புச்சத்துக் குளிசைப் பெட்டி ரெண்டையும் ஊருக்கு அனுப்புறார். சுகாதாரக் கந்தோரிட மறுமொழி வரும்வரைக்கும் கிழமைக்கு ஒருக்கா அனுப்புவாராம். அந்த ரெண்டு பிள்ளைத்தாச்சியளையும்தான் முதலில பாக்கச் சொல்லுறன். பேர் சொல்லுங்கோ, எழுதிக் குடுக்கிறன்.”

றுக்கியா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ரபீக்கா,” என்றாள். “மற்றவள் றஹ்மா.”